நங்கூரமும் சம்பங்கியும்: வடசென்னைக் கல்லறைகளில் சின்னங்களும் மலர்களும்

கேள்வி

இராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் கரையோரப் பகுதி சென்னையின் உழைப்பைச் சுமந்த பகுதி. துறைமுகம், ரயில் பாதை, மீன்பிடி, ஆலைகள் என்று நான்கு விதமான பிழைப்பும் இங்கே அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. அந்தந்தப் பிழைப்போடு வந்த கிறித்தவக் குடும்பங்களும் இங்கேயே வாழ்ந்து இங்கேயே அடக்கமாகியிருக்கின்றன. படகுக்காரர், மீனவர், ஆங்கிலோ இந்திய ரயில்வே குடும்பத்தார், தென்மாவட்டங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்தோர் எனப் பலருக்கும் கல்லறைத் தோட்டத்தில் இடமுண்டு.

சென்னையின் பழைய கிறித்தவக் கல்லறைகளில் சிலுவை, நங்கூரம், புறா, லில்லி, ரோஜா மொட்டு, முறிந்த தூண், துணி போர்த்திய தாழி என்று பல உருவங்களைக் காணலாம். ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று, இந்த உருவங்களின் மேல் சம்பங்கிச் சரமும் செவ்வந்தி மாலையும் ரோஜா இதழும் வந்து விழுகின்றன. கல்லில் செதுக்கிய சின்னத்துக்கும் கல்லின் மேல் வைத்த பூவுக்கும் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ‘நங்கூரம் என்றால் நம்பிக்கை, லில்லி என்றால் தூய்மை’ என்ற பட்டியல் இதற்குப் போதாது. செய்தவர் யார், எந்தக் கல்லில் செய்தார், ஆண்டுதோறும் அங்கே வருபவர் என்ன செய்கிறார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் பிடிபடும்.

இதுவரை எழுதப்பட்டவை

சென்னைக் கல்லறைகள் பற்றிய அடிப்படை நூல் 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்த கல்லறை வாசகத் தொகுப்பு. இன்றும் ஆய்வாளர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். ஆனால் அது ‘வரலாற்று முக்கியத்துவம்’ உள்ளவற்றைத் தேடிய தொகுப்பு. கவர்னர், தளபதி, வணிகர், பாதிரியார் ஆகியோரின் பெயரும் தேதியும் வாசகமும் அதற்கு முக்கியம். கல்லின் ஓரத்தில் செதுக்கிய கொடியும் மலரும் அவ்வளவு முக்கியமல்ல. 1976இல் பிரிட்டனில் தியோன் வில்கின்சன் முயற்சியால் உருவான தெற்காசியக் கல்லறைகளுக்கான சங்கமும் ஐரோப்பியரின் கல்லறைகளையே பெரிதும் பதிவு செய்தது. படகுக்காரரின் கல்லறை இந்த இரண்டு வட்டத்துக்கும் வெளியேதான் நின்றது.

சின்னங்களைப் பற்றிய ஆய்வு மேற்கில் வேறு திசையில் வளர்ந்தது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கல்லறைகளை 1960களில் ஆராய்ந்த ஜேம்ஸ் டீட்ஸ், எட்வின் டெத்லெஃப்சன் இருவரும், மண்டையோடு மறைந்து சிறகு முளைத்த குழந்தை முகம் வந்ததையும், அதுவும் மறைந்து தாழியும் வில்லோ மரமும் வந்ததையும் ஆண்டுவாரியாகக் காட்டினார்கள். ஒரு சின்னம் எப்போது தோன்றி எப்போது வழக்கொழிகிறது என்று பார்த்தால் மரணம் பற்றிய மனநிலை மாறியதைக் காணலாம் என்பது அவர்களது முறை. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியெஸ் 1977இல் வெளியிட்ட பெருநூலில் ஐரோப்பாவின் ஆயிரம் ஆண்டு மரணப் பண்பாட்டையே இப்படி வாசித்தார். இவை அனைத்தும் சின்னமும் அதை வைத்தவரும் ஒரே பண்பாட்டுக்குள் இருந்தார்கள் என்ற அனுமானத்தின் மேல் நிற்பவை. வடசென்னையில் அந்த அனுமானம் நிற்காது.

மலர்ப் பட்டியல்களின் கதை இன்னும் இளையது. ஷார்லோட் டி லத்தூர் என்ற புனைபெயரில் 1819இல் பாரிஸில் வந்த ‘மலர்களின் மொழி’ நூலுக்குப் பிறகு, ஒவ்வொரு பூவுக்கும் ஓர் உணர்ச்சியைப் பொருத்தும் கையேடுகள் ஐரோப்பிய வரவேற்பறைகளில் பெருகின. இன்று கல்லறை மலர்களுக்குப் ‘பழங்காலக் கிறித்தவப் பொருள்’ என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி வேதத்திலிருந்து வந்ததல்ல, அந்தக் கையேடுகளிலிருந்து வந்தது.

கல் நடந்த வழி

சின்னத்துக்கு முன் கல்லைப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயரின் முதல் இடுகாடு இன்றைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் இடத்தில் இருந்தது. 1758–59 சென்னை முற்றுகையின்போது தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை அங்கிருந்த உயர்ந்த சமாதிகளை மறைவிடமாகப் பயன்படுத்தியது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் அவற்றை அகற்றி, பெயர் பொறித்த பலகைக் கற்களை மட்டும் 1680இல் கட்டப்பட்ட கோட்டை புனித மரியாள் ஆலயத்தைச் சுற்றித் தளமாகப் பதித்தார்கள். இன்று அந்த முற்றத்தில் நடப்பவரின் காலடியில் இருப்பவை கல்லறைகள் அல்ல, கல்லறையிலிருந்து பிரிந்து வந்த கற்கள். சின்னம் ஓரிடத்திலும் அது குறித்த உடல் வேறிடத்திலுமாக ஆனதுதான் சென்னைக் கல்லறை வரலாற்றின் தொடக்கம்.

கல் கடல் கடந்தும் போயிருக்கிறது. கல்கத்தாவில் ஆங்கிலக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதியில் உள்ள கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அது பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறை வகை என்று கண்டு, 1893இல் அந்தப் பாறைக்கே ‘சார்னகைட்’ என்று பெயரிட்டார். உலகெங்கும் புவியியல் பாடநூலில் வழங்கும் ஒரு பாறையின் பெயர், சென்னைக் கல்லில் செய்த ஒரு கல்லறையிலிருந்து வந்தது. எதிர்த்திசையில் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைப் பளிங்கு கப்பலேறி வந்தது. லில்லியும் ரோஜாவும் நுணுக்கமாகச் செதுக்குவதற்கு ஏற்ற மென்மையான கல் அது. ஆனால் உப்புக்காற்றில் முதலில் மழுங்குவதும் அதுதான். இப்போது காற்று மறுபடி திரும்பியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கறுப்பு கிரானைட் மெருகேற்றிய கல்லறைக் கற்களாகி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகிறது. அங்கே யாரோ ஒருவருக்காக லில்லி செதுக்கப்படுவது நம் கல்லில்.

ஆகவே ஒரு கல்லில் ஒரு மலர் இருக்கிறது என்பதாலேயே அதை இறந்தவரின் குடும்பம் பொருள் அறிந்து தேர்ந்தது என்று கொள்ளக் கூடாது. கல்தச்சரிடம் இருந்த மாதிரிகளில் ஒன்றைக் காட்டி ‘இது போதும்’ என்று சொன்னதாகவும் இருக்கலாம். அப்படிச் சொன்னதால் அன்பு குறைந்துவிடவில்லை, சின்னத்தின் அகராதிப் பொருள்தான் தளர்ந்துபோகிறது.

நங்கூரம்: தொழிலா, நம்பிக்கையா?

கடலோரக் கல்லறையில் நங்கூரத்தைக் கண்டதும் ‘இவர் கடல் தொழில் செய்தவர்’ என்று நினைப்பது இயல்பு. கிறித்தவ மரபில் நங்கூரத்துக்கு வேறு வேர் உண்டு. எபிரேயர் நிருபத்தின் 6ஆம் அதிகாரம் நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரமாகக் காண்கிறது. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில், குறிப்பாகப் பிரிசில்லா, டொமித்தில்லா கல்லறைகளில், தொடக்கக் காலக் கிறித்தவர்கள் நங்கூரத்தைப் பொறித்தார்கள். அலெக்சாந்திரியா நகர கிளமெந்து, முத்திரை மோதிரத்தில் கிறித்தவர்கள் பொறித்துக்கொள்ளத் தக்கவை என்று சொன்னவற்றில் புறா, மீன், கப்பல், யாழ் ஆகியவற்றோடு நங்கூரமும் உண்டு. சிலுவை பொதுச் சின்னமாக ஓங்கிய 4ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு நங்கூரம் கல்லறைகளிலிருந்து பின்வாங்கியது. பல நூற்றாண்டுகள் கழித்துப் புரட்டஸ்தாந்தக் கல்லறைகளில் அது மீண்டும் வந்தது.

இனி இராயபுரத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் துறைமுகம் எழும்வரை சென்னையில் கப்பல் கரையை அணுகாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலையைக் கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. ஆணியடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிகளில் கத்தோலிக்கராக இருந்தோர் தங்கள் உழைப்பின் பணத்தில் எழுப்பியதே இராயப்பர் ஆலயம். 1829 என்பது அதன் ஆண்டாக வழங்குகிறது.

கவனிக்க வேண்டியது இதுதான். மசூலாப் படகும் கட்டுமரமும் வேலை முடிந்ததும் மணலில் கரையேற்றப்படுபவை. நங்கூரம் கப்பலின் கருவி, தொலைவில் நிற்கும் வெள்ளைக்காரரின் கருவி. ஆகவே பழைய படகுக்காரரின் உலகில் நங்கூரம் தொழிற்சின்னமாக வேரூன்றியிருக்க வாய்ப்பு குறைவு. அதை அந்தக் காலத்துக் கல்லில் கண்டால், கப்பல் மாலுமியையோ வேதவாக்கியத்தையோதான் முதலில் நினைக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய வடிவம் உதவும். நங்கூரத் தண்டைச் சுற்றிக் கயிறு முறுக்கிக் கிடந்தால் அது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் அடையாளம். சங்கிலி அறுந்து தொங்கினால் முடிந்துபோன ஆயுள். ஒரு பெண்ணுருவம் சாய்ந்து நின்றால், அல்லது நங்கூரத்தின் மேற்பகுதியே சிலுவையாக அமைந்தால், அது நம்பிக்கை.

விசைப்படகுகள் வந்து, காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகமும் அமைந்த பிறகு கணக்கு மாறுகிறது. இப்போது நங்கூரம் மீனவரின் கையிலும் இருக்கிறது. சமீபத்திய கல்லறையில் படகோடு சேர்ந்து அது வந்தால், அதைத் தொழிலின் பெருமையாகவே வாசிக்க வேண்டும். ஒரே உருவம், ஒரே கடற்கரை. நூறாண்டு இடைவெளியில் பொருள் இடம் மாறிவிட்டது. பட்டியலால் இதைக் காட்ட முடியாது.

சிலுவையின் வடிவங்கள்

சிலுவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இயேசுவின் உடல் தாங்கிய பாடுபட்ட சுரூபம் பெரும்பாலும் கத்தோலிக்கருடையது. வெறுஞ்சிலுவை சீர்திருத்தச் சபையினருடையது. வட்டம் சூழ்ந்த சிலுவை அயர்லாந்து மரபின் 19ஆம் நூற்றாண்டு மறுமலர்ச்சியோடு பரவியது. மூன்று படிமேல் நிற்கும் சிலுவையின் படிகளை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்பார்கள். கல்லறைத் திருநாளன்று அந்தப் படிகள் மெழுகுவர்த்தி நிறுத்தும் இடம். காற்றுக்கு மறைவாக அடிப்படியின் மூலையில் மெழுகை உருக்கி ஊற்றி, அதில் திரியை ஊன்றுவார்கள். படியில் உறைந்த மெழுகுக் கறையைச் சுரண்டிவிட்டுச் சுத்தமான கல்லைப் படமெடுக்கும் ஆய்வாளர், ஒரு சான்றையே சுரண்டி எறிகிறார்.

பூவும் சிலுவையும் சேர்ந்த மிகப் பழைய உருவம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. பரங்கிமலையில் 1547இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த பஹ்லவி எழுத்துள்ள கற்சிலுவையில் இயேசுவின் உடல் இல்லை. மேலே புறா இறங்குகிறது. அடியிலிருந்து இலைகள் விரிந்து எழுகின்றன. கிழக்குத் திருச்சபை மரபில் இது துளிர்க்கும் சிலுவை, உயிர்ப்பின் சின்னம். ஐரோப்பியக் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரையில் சிலுவை பூத்திருந்தது என்பதை, ‘மலர்ச் சின்னம் மேற்கிலிருந்து வந்தது’ என்று எழுதுவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

கல்லில் பூ, கல்மேல் பூ

செதுக்கிய மலர்களின் பொருளே நிலையானதல்ல. கசகசா இனத்துப் பூ விக்டோரியா காலக் கல்லறைகளில் உறக்கத்தைக் குறித்தது. முதல் உலகப் போருக்குப் பின், 1921 முதல் பிரிட்டனில் அது போரில் மாண்டவரின் நினைவுப்பூ. பாசிப்ளோரா எனப்படும் பாடுகளின் மலரில் முள்முடியையும் மூன்று ஆணிகளையும் ஐந்து காயங்களையும் 17ஆம் நூற்றாண்டில் கண்டார்கள். அமெரிக்கக் கண்டத்தில் அந்தக் கொடியைப் பார்த்த பிறகுதான் அப்படி ஒரு வாசிப்பே பிறந்தது. காம்பு முறிந்த ரோஜா மொட்டு மட்டும் எங்கேயும் விளக்கம் கேட்காது. மொட்டிலேயே கருகிப்போன பிள்ளை என்று தமிழ்த்தாய் அதை உடனே படித்துவிடுவாள்.

லில்லியின் கதை வேறு. அந்தப் பூ வடசென்னையின் தெருவில் விற்பதில்லை. ஆனால் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு அது தெரியாத பூவுமல்ல. கோவில் சுரூபங்களில் சூசையப்பர் கையிலும் அந்தோணியார் கையிலும் அது இருக்கிறது. அர்மேனியன் தெரு அந்தோணியாரிடம் செவ்வாய்க்கிழமை தோறும் போய் நிற்கும் இராயபுரத்துப் பெண்ணுக்கு லில்லி என்பது அருங்குணத்தின் குறி என்பதைவிட அந்தோணியாரின் பூ. சூசையப்பர் நல்மரணத்தின் பாதுகாவலர். கல்லறையில் லில்லியைக் காணும்போது அவளுக்கு நினைவில் எழுவது அந்தச் சுரூபங்கள்தான். பொருள் கல்லறைக் கையேட்டின் வழியாக வரவில்லை, பீடத்தின் வழியாக வந்தது.

லில்லியின் இடத்தை நிஜத்தில் நிரப்புவது சம்பங்கி. வெள்ளை, நறுமணம், நீண்ட தண்டில் வரிசையாக மொட்டு, கிழங்கிலிருந்து வளரும் செடி. அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான்; செண்டுமல்லியும் அங்கிருந்து வந்தது; செவ்வந்தி கிழக்காசியாவிலிருந்து. பிரான்சில் செவ்வந்தி நவம்பர் தொடக்கத்தில் கல்லறைக்குப் போகும் பூ, உயிரோடு இருப்பவருக்கு அதைப் பரிசளிக்க மாட்டார்கள். பாரிமுனை பத்ரியன் தெருவில் அதே செவ்வந்தி அம்மனுக்கும் மாப்பிள்ளைக்கும் கல்லறைக்கும் ஒரே கூடையிலிருந்து போகிறது. மெக்சிகோவில் செண்டுமல்லி இறந்தோர் திருநாளின் பூ. இங்கே அது ஆயுதபூசைக்கு வண்டியிலும் தொங்கும். எந்தப் பூ என்பது இங்கே மரணத்தைச் சொல்வதில்லை. எப்படி வைக்கப்பட்டது என்பதே சொல்கிறது: முழம்போட்டு வாங்கிய சரமா, கிலோவில் வாங்கிய உதிரியா, மாலையா, வளையமா, தலைமாட்டிலா, கால்மாட்டிலா.

நவம்பர் 2க்கு முந்தைய நாட்களில் குடும்பங்கள் கல்லறைக்கு வந்து புல்லைப் பிடுங்கி வெள்ளையடிக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால் சுண்ணாம்பு காய்வதற்குள் மழை வந்துவிடுமோ என்ற பதற்றம் எப்போதும் உண்டு. அன்று காலையில் மாலை சிலுவையின் இரு கைகளுக்கும் குறுக்காக விழுகிறது. ஆளுக்கு மாலை போடுவதைப் போலவே சிலுவைக்கும் போடுகிறார்கள். கல் வைக்க வசதியில்லாத மண்மேடுகளில் செவ்வந்தி இதழை உதிர்த்து, மேட்டின் நீளத்துக்கு ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் இழுக்கிறார்கள். கல்லறையில் மலர் என்பது சின்னத்துக்கு அலங்காரம் என்றுதான் நூல்கள் பேசுகின்றன. இந்த மண்மேட்டில் மலரே சின்னம். ஒரு நாள் மட்டும் நிற்கும் சிலுவையை ஏழைக்கு அது எழுதித் தருகிறது. இக்கட்டுரைக்கு இதைவிட வலுவான சான்று இல்லை என்று கருதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. கணவனை இழந்த பெண் பூச்சூடாத வழக்கம் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றிலும் தொடர்கிறது. தலையில் வைக்கக் கூடாது என்று விலக்கப்பட்ட பூவை அவள் கூடை நிறைய வாங்கிவந்து கணவனின் கல்லறையில் வைக்கிறாள். அந்த மல்லிகைக்குள் பக்தியும் பிரிவும் இழந்த உரிமையும் சேர்ந்தே இருக்கின்றன. திருச்சபையின் பொருள்விளக்கத்தில் இந்தப் பொருளுக்கு இடமில்லை. ஆனால் அன்று அங்கே மிகுதியாக இருப்பது இந்தப் பொருள்தான்.

இதைச் சங்கப் புறத்திணைகளோடு சேர்த்துப் பார்க்கும் ஆசை எழும். வெட்சியும் கரந்தையும் தும்பையும் வாகையும் போரின் கட்டங்களைக் குறித்த நாட்டில், காஞ்சி நிலையாமையின் திணையாக இருந்த நாட்டில், நடுகல்லுக்குப் பூவும் பீலியும் சூட்டிய நாட்டில், மலரைக் குறியாக வாசிக்கும் பழக்கம் புதிதல்ல. திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதியோடு பேய்க்கரும்பு இனித்த கதை பிரியாமல் நிற்கிறது. ஒரு தாவரம் ஒரு மறைவின் அடையாளமாவதற்கு இந்தக் கரையிலேயே சைவ மரபின் சான்று அது. இருந்தும் நடுகல்லிலிருந்து கல்லறைத் திருநாளுக்கு நேர்கோடு இழுப்பது மிகை. நவம்பர் 2 நினைவுநாள் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ ஏற்படுத்தியது. விழா அங்கிருந்து வந்தது. அதைக் கொண்டாடும் கை இந்த ஊரின் கை. அவ்வளவே சொல்லலாம், அதுவே பெரிது.

கல் இல்லாத நினைவிடம்

கடலோரத்தில் எல்லா மரணத்துக்கும் உடல் கிடைப்பதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் சிக்கிய கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலர் திரும்பவேயில்லை. அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். சட்டம் காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ள 7 ஆண்டு கேட்கும். குடும்பமோ முதல் நவம்பர் 2லேயே எங்கே பூ வைப்பது என்று தவிக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியின் நினைவுநாளில் காசிமேட்டில் ஆண்டுதோறும் கடலில் பாலூற்றிப் பூத்தூவுகிறார்கள். இந்து, கிறித்தவர் என்ற பிரிவு அங்கே பெரிதாகத் தெரிவதில்லை. கல் இல்லை, பெயர் இல்லை, சிலுவைகூட இல்லை. பூ மட்டும் இருக்கிறது. அலை அதைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்து போடும், மறுபடி அள்ளி வீசுவார்கள். சின்னத்தை மூலமாகவும் மலரைத் துணையாகவும் வைத்த பழைய வரிசை இங்கே முழுக்கத் தலைகீழாகிறது.

முகம் வந்த பிறகு

கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டங்களைச் சென்னைக் கல்லறை வாரிய அறக்கட்டளை நிர்வகிக்கிறது. நகரில் இடநெருக்கடி முற்றியதால் புதுக்குழி அரிது. குடும்பக் கல்லறையைத் திறந்து அடுத்தவரை வைப்பதும், அடுக்கடுக்கான சிமெண்ட் அறைகளில் வைப்பதும் வழக்கமாகிவிட்டன. ஒரே கல்லில் தாத்தா, பாட்டி, மகன் என்று பெயர் ஏறஏற, மலருக்கும் நங்கூரத்துக்கும் இருந்த இடம் சுருங்குகிறது. அடுக்கறையின் முகப்போ ஒரு சதுரப் பலகை மட்டுமே.

அந்தப் பலகையில் இப்போது கறுப்பு கிரானைட்டும் லேசரில் பொறித்த முகமும் வந்திருக்கின்றன. அழகியல் நோக்கில் பலர் இதைக் குறை சொல்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. பளிங்கு லில்லி யாருடையது என்று பேரனுக்குத் தெரியாது, முகம் தெரியும். முகம் வந்ததும் மாலையின் இடமும் மாறிவிட்டது. சிலுவையின் கைகளில் விழுந்த மாலை இப்போது படத்தைச் சுற்றி விழுகிறது, வீட்டுச் சுவரில் தொங்கும் படத்துக்குப் போடுவது போலவே. பழைய சின்னங்களில் சிலுவை மட்டும் தன் இடத்தை விடவில்லை. சிறுத்து, பெயருக்கு மேலே ஒரு விரற்கடை அளவில் நிற்கிறது.

மாற்றம் இவ்வளவு வேகமாக நடப்பதால், குடும்பக் கல்லறை திறக்கப்பட்டுப் பழைய பளிங்கு அகற்றப்படும் முன்பே பதிவு நடக்க வேண்டும். வாசகத்தை மட்டும் படியெடுத்த காட்டனின் முறை இதற்குப் போதாது. கல்லின் வகை, தச்சரின் குறி இருந்தால் அது, சின்னத்தின் வடிவம், இறந்தவரின் தொழிலும் சபையும், யார் வந்து எந்தப் பூவை எங்கே வைக்கிறார் என்ற விவரம் ஆகியவை ஒரே தாளில் சேர வேண்டும். அந்தப் பதிவை ஆளற்ற ஒரு வேலைநாளில் எடுத்தால் பாதிதான் கிடைக்கும். நவம்பர் 2 காலையில், குடும்பங்கள் கல்லறையருகே நிற்கும்போது, அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும்.